சுண்ணாம்புக் கல்லில் கொங்கிரீட் போடலாமா?

மட்டக்களப்பில் வீடு கட்டுகிறவர்களிடம் எந்தக் கல்லின் சல்லி என்று யாரும் கேட்பதில்லை. இங்கே சல்லி என்றாலே கருங்கல்தான். படுவான்கரைக்கும் அப்பால் இருக்கும் குவாரிகளில் உடைத்த சாம்பல் நிறக் கல் டிப்பரில் வரும், கியூப் கணக்கில் இறக்குவார்கள், அவ்வளவுதான். சுண்ணாம்புக்கல் என்று பேச்செடுத்தால் "அது வெத்திலைக்குத்தானே" என்பார்கள். கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள் "யாழ்ப்பாணத்துக் கல்லு கூடாது, கொங்கிரீட் நிக்காது" என்று முடிவாகவே சொல்லிவிடுவார்கள்.

நான் வீதி வேலைத்தளங்களில் மெட்டீரியல் லாப் பார்க்கிறவள். கல்லைத் தண்ணீரில் ஊறவைப்பது, சூடடுப்பில் காயவைப்பது, அடித்து நொறுக்குவது, சல்லடையில் சலித்து நிறுப்பது, இதெல்லாம்தான் என் தொழில். கொஞ்சக் காலம் யாழ்ப்பாணத்திலும் வேலை செய்தேன். இரண்டு ஊர்க் கல்லையும் சோதித்துப் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டு. சுண்ணாம்புக்கல் என்பதற்காக ஒரு கல் கூடாத கல் ஆகிவிடாது. அது உருவான பிறகு அதற்குள் என்ன புகுந்தது, அதிலிருந்து என்ன கரைந்து போனது, எவ்வளவு சூடு பட்டது என்பதுதான் தரத்தைத் தீர்மானிக்கிறது. ஒரே கிடங்கில் பத்தடி தள்ளி எடுத்தாலே வேறு கல் வரும். இதை விளங்கப்படுத்த எங்கள் ஊரிலிருந்தே தொடங்குகிறேன்.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சுண்ணாம்புக்கல் மலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. நாங்கள் நிற்கும் பாறைத் தொகுதியை விஜயன் தொகுதி என்பார்கள் புவியியலாளர்கள். பூமிக்குள் ஆழத்தில் வெந்து, அமுங்கி, மடிந்து வந்த பழைய பாறை. குடும்பிமலையும் அந்த வகைதான். எங்களிடம் இருந்த சுண்ணாம்பு கடலில் இருந்தது. பாசிக்குடா, கல்குடா, வாழைச்சேனைப் பக்கம் முருகைக்கல் (பவளக்கல்) எடுத்துச் சூளையில் எரித்தார்கள். என் அம்மப்பாவும் அந்த வேலை செய்தவர். விறகும் கல்லும் மாறி மாறி அடுக்கி நெருப்பு வைத்தால், 900 பாகை அளவு சூட்டில் கல்லிலிருந்து காபனீரொட்சைட்டு வெளியேறி நீறாத சுண்ணாம்பு கிடைக்கும். தண்ணீர் தெளித்தால் பொங்கி நீறும். மேசன் வேலை செய்யும் என் மாமா இன்றைக்கும் சொல்வார்: "அந்தச் சாந்தில கட்டின செவரு இன்னும் நிக்குது புள்ள, உங்கட சீமெந்துச் செவரு எத்தனை வருஷம் நிக்கும் எண்டு பாப்பம்."

சாந்துக்கு அது நல்ல பொருள். சல்லிக்கு? எங்கள் பழைய வீட்டுக் குசினி லிண்டலில் அதற்குப் பதில் இருந்தது. அந்தக் காலத்தில் கருங்கல் கொண்டு வர வசதியில்லாமல், முருகைக்கல்லை உடைத்தே கொங்கிரீட் போட்டிருக்கிறார்கள். கம்பி துருப்பிடித்து வீங்கி, அடிப்பக்கக் கொங்கிரீட்டைப் பாளமாகத் தள்ளிவிட்டிருந்தது. விழுந்த துண்டை எடுத்துப் பார்த்தேன். சல்லி முழுக்க நுண்ணிய துவாரம். அந்தத் துவாரத்தில் கடல் உப்பு. கடலுக்குப் பக்கத்திலுள்ள வீட்டில் கம்பிக்கு வெளியிலிருந்து உப்பு வருவது ஒரு பிரச்சினை. இங்கே கலவை போட்ட அன்றே உப்பு உள்ளே இருந்திருக்கிறது.

முருகைக்கல்லிலேயே கல் மாறுவது என்றால் என்ன என்பதைத் தெளிவாகப் பார்க்கலாம். முருகை உயிரி கட்டும் கூடு அரகோனைட்டு என்ற கனிமம். சுண்ணாம்புக்கல்லில் உள்ள கல்சைட்டும் அதுவும் வேதியியல்படி ஒன்றுதான், இரண்டும் கல்சியம் காபனேற்று. பளிங்கு அடுக்கு மட்டும் வேறு. அரகோனைட்டு நெடுங்காலம் நிலைக்காது. கடல் பின்வாங்கி முருகைப் பார் தரைக்கு மேலே வந்து மழைநீர் பட்டால், அது மெல்லக் கரைந்து கல்சைட்டாகப் படியும். அரகோனைட்டின் அடர்த்தி 2.93, கல்சைட்டினது 2.71. அதே அளவு பொருள் கூடுதல் இடத்தைப் பிடிக்கிறது, துவாரங்கள் அடைபடுகின்றன, கல் இறுகுகிறது. கரைந்தது வேறிடத்துக்கு ஓடிவிட்டால் நடப்பது இதற்கு நேர்மாறு. கல் இன்னும் பொந்தாகும். மழை ஒன்றுதான். ஓரிடத்தில் கல்லை இறுக்குகிறது, இன்னோரிடத்தில் அரிக்கிறது. சுண்ணாம்புக்கல்லின் கதை முழுக்க இந்த இரண்டு வேலைக்கும் நடுவில்தான் நடக்கிறது.

முருகைக்கல் எடுப்பது இப்போது சட்டப்படி குற்றம். 1981இல் வந்த கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தை 1988இல் திருத்தியபோது கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதைத் தடுத்தார்கள். அது சரியான முடிவு. அலையின் வேகத்தை முதலில் வாங்கிக்கொள்வது அந்தப் பார்தான். 2004 டிசம்பருக்குப் பிறகு இதை எங்கள் கரையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

இனி யாழ்ப்பாணம். குடாநாடு முழுவதற்கும் அடியில் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. புத்தளம் வரையும் வடமேற்குக் கரையோரமாக அது நீள்கிறது. ஏறக்குறைய 230 இலட்சம் ஆண்டுக்கும் 50 இலட்சம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஆழமில்லாத கடலடியில் சிப்பி, முருகை, சுண்ணாம்புச் சேறு எல்லாம் படிந்து கல்லானது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்கியது இந்தக் கல்லை நம்பித்தான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். "சீமெந்துக்கே ஆன கல் சல்லிக்கு ஆகாதா" என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் வேண்டிய குணம் வேறு. சீமெந்துக்குக் கல்லின் இரசாயனம்தான் முக்கியம். எப்படியும் அரைத்துத் தூளாக்கி எரிக்கப் போகிறார்கள், அது மென்மையாக இருந்தால் ஆலைக்கு இலாபம். களி கொஞ்சம் கலந்திருந்தாலும் பரவாயில்லை, சூளைக்குக் களி எப்படியும் வேண்டும். சல்லி அப்படியில்லை. கலவைக்குள் போன பிறகும் அது கல்லாகவே இருக்க வேண்டும். நனைந்தாலும் காய்ந்தாலும், மேலே லொறி ஏறினாலும் உருவம் மாறக்கூடாது. சீமெந்துக்குத் தங்கமான கல் சல்லிக்குக் குப்பையாக இருக்கலாம்.

புதிய, இறுகிய, மணி சிறிய சுண்ணாம்புக்கல் சல்லிக்கு நல்ல கல். கீறலைத் தாங்கும் கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் கல்சைட்டு 3 மட்டும்தான், எங்கள் கருங்கல்லில் உள்ள குவாட்சு 7. இந்த எண்ணைக் காட்டி வாதாடுகிறவர்கள் உண்டு. ஆனால் சல்லி உடைவது கீறல் விழுவதால் இல்லை. மணிகள் ஒன்றையொன்று எவ்வளவு இறுகப் பிடித்திருக்கின்றன என்பதைப் பொறுத்தே உடைகிறது. லாபில் மோதல் பெறுமானம் பார்ப்போம். 14 மில்லிமீற்றர் சல்லடையில் விழுந்து 10இல் நிற்கும் கல்லை ஓர் இரும்புக் கிண்ணத்தில் போட்டு, 14 கிலோ வரும் சம்மட்டியை 380 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து 15 தடவை விழவிடுவோம். நொறுங்கியதில் 2.36 சல்லடையில் கீழே விழுவது எத்தனை வீதம் என்பதுதான் பெறுமானம். வாகனம் தேய்க்கும் கொங்கிரீட் மேற்பரப்புக்கு 30க்குக் கீழ் வர வேண்டும் என்பது பழைய பிரித்தானிய நியமம், மற்றக் கொங்கிரீட்டுக்கு 45 வரை விட்டிருந்தார்கள். நல்ல சுண்ணாம்புக்கல் இருபதுகளில் நின்றுவிடும். உக்கின கருங்கல் அதைவிட மோசமாக வருவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

சரி, அப்படியானால் யாழ்ப்பாணக் கல்லுக்கு ஏன் கெட்ட பெயர்? தண்ணீர்.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டை எடுத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. கருங்கல்லை அது உக்கவைக்க ஆயிரக்கணக்கான ஆண்டு ஆகும். சுண்ணாம்புக்கல்லை அது நேரடியாகக் கரைக்கிறது. வெடிப்பு வழியே இறங்கி, வெடிப்பைப் பொந்தாக்கி, பொந்தைக் குகையாக்குகிறது. நிலாவரைக் கிணறும் கீரிமலை ஊற்றும் அப்படி வந்தவைதான். சுண்ணாம்பு கரைந்து போனபின் கல்லுக்குள் கரையாமல் கிடந்த களியும் இரும்பும் மிஞ்சும். குடாநாட்டுச் செம்பாட்டு மண்ணில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. கமக்காரனுக்கு அந்த மண் வரம். குவாரிக்காரனுக்கு அதுதான் தலையிடி. மேலிருந்து இறங்கும் களி ஒவ்வொரு வெடிப்பையும் நிரப்பிவிடும்.

வெளியே ஒட்டியிருக்கும் களியைக் கழுவிவிடலாம். கழுவாமல் போட்டால் கல்லுக்கும் சீமெந்துப் பசைக்கும் நடுவில் ஒரு தோல் மாதிரி அது நின்றுவிடும், பிடிப்பு இருக்காது. கலவைக்குத் தண்ணீரும் கூடுதலாகக் கேட்கும், பலம் குறையும். இதெல்லாம் மேசன்மாருக்கே தெரியும். கழுவியும் போகாத களிதான் பயங்கரம். கல் படியும்போதே சேற்றோடு படிந்து, மயிரிழை போலக் கல்லுக்குள்ளேயே ஓடும் களிக்கோடு. காய்ந்த கல்லில் அது கண்ணுக்கே தெரியாது. மோதல் சோதனையிலும் தப்பிவிடும், ஏனென்றால் அந்தச் சோதனைக்குக் கல்லைக் காயவைத்துத்தான் போடுகிறோம். நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து வரும்போதுதான் அந்தக் கோடு வழியே கல் பிளக்கும்.

அதைப் பிடிக்க ஓர் உப்புச் சோதனை இருக்கிறது. சோடியம் சல்பேற்றுக் கரைசலில் கல்லை ஊறவைத்து, சூடடுப்பில் காயவைத்து, திரும்ப ஊறவைத்து, இப்படி 5 சுற்று. கல்லின் துவாரங்களில் உப்பு பளிங்காகி வளரும்போது உள்ளிருந்து தள்ளும். கடைசியில் கழுவிச் சலித்து எவ்வளவு உதிர்ந்தது என்று நிறுப்போம். கொங்கிரீட் சல்லிக்கு 12 வீதத்துக்கு மேல் உதிரக்கூடாது என்பது அமெரிக்க நியமம். யாழ்ப்பாணத்தில் ஒருமுறை ஒரே கிடங்கிலிருந்து வந்த இரண்டு தட்டுக் கல்லை ஒன்றாகப் போட்டோம். ஒன்று வெண்ணிறம், மணி தெரியாத இறுக்கம். மற்றது கொஞ்சம் மஞ்சள் ஓடியது, தொட்டால் விரலில் மாவு ஒட்டும். மோதல் பெறுமானத்தில் இரண்டுக்கும் பெரிய இடைவெளி இல்லை. உப்புச் சுற்று முடிந்தபோது முதல் தட்டில் கல்லின் கூர்முனை கூட மழுங்கவில்லை. இரண்டாவதில் பாதிக்குமேல் தகடு தகடாக விரிந்து கிடந்தது. அந்தத் தட்டைப் பார்த்த பிறகு ஒரு சோதனை முடிவை மட்டும் வைத்துக் கல்லுக்குச் சான்றிதழ் கேட்கிறவர்களிடம் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

சுன்னாகத்தில் வீடு கட்டும் சித்தி மகன் அண்மையில் போன் எடுத்துக் கேட்டதும் இதையொட்டித்தான். அத்திவாரக் கிடங்கில் வெள்ளைக்கல் நிறைய வந்திருக்கிறதாம். "அக்கா, அதை உடைச்சுப் பிளேட் போடலாமோ?" என்றான், கொங்கிரீட் தட்டைத்தான் சொன்னான். மேலே வந்த மக்கிக் கல்லை நிலம் நிரப்ப வைத்துக்கொள், அடியில் வந்த இறுகின கல்லில் அத்திவாரம் கட்டு, பிளேட்டுக்கும் பீமுக்கும் சோதனை செய்த கருங்கல் எடு என்று சொன்னேன். கல் கூடாது என்பதற்காக இல்லை. ஒரு வீட்டுக் கிடங்கில் வரும் கல்லைத் தரம் பிரித்துச் சோதிக்க ஆகும் செலவு, வன்னிப் பக்கமிருந்து கருங்கல் ஏற்றும் செலவைவிடக் கூடிவிடும். இன்னொரு காரணமும் எனக்கு உண்டு. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மழைநீரைத் தேக்கி வைத்திருப்பது அந்தக் கல்தான், நன்னீருக்குக் கீழே உப்புநீர் காத்திருக்கிறது. வீட்டுக்கு வெட்டும்போது வருவது வேறு. சல்லிக்கென்றே அங்கே கல் அகழத் தொடங்கினால் கிணறுகள் உப்பாகும். நல்ல கல் என்று நான் சொல்வது, அதைத் தோண்டுங்கள் என்பதற்காக இல்லை.

எல்லா மாற்றமும் கல்லை மென்மையாக்குவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிலிக்கா கலந்த நீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் ஓடினால் சுண்ணாம்பு இருந்த இடத்தில் சிலிக்கா வந்து உட்காரும். செர்ட்டு என்ற கண்ணாடி போன்ற கட்டிகள் இப்படி உருவாகும். கல் முன்னையைவிடக் கடினமாகிவிடும், அடித்தால் சம்மட்டி துள்ளும். மோதல், தேய்வு, உப்பு எதைச் செய்தாலும் பாஸ். ஆனால் அந்தச் சிலிக்காவின் ஒழுங்கற்ற பளிங்கு சீமெந்தின் காரத்தோடு சேர்ந்து ஒரு பசையாகும், அந்தப் பசை தண்ணீரைக் குடித்து வீங்கும். பல வருஷம் கழித்துக் கொங்கிரீட் முகத்தில் வலைபோல வெடிப்பு விழும். 1940இல் கலிபோர்னியாவில் தோமஸ் ஸ்டான்ரன் என்ற பொறியியலாளர்தான் இந்தக் காரணத்தை வெளியே கொண்டு வந்தார். கனடாவின் கிங்ஸ்ரனில் 1957இல் இன்னொரு வகை வீக்கம் அறிவிக்கப்பட்டது. அங்கே கல் களி கலந்த டொலமைட்டுச் சுண்ணாம்புக்கல், பலம் பார்க்கும் சோதனைகளில் குறை சொல்ல முடியாதது.

இந்த விஷயத்தில் எனக்கு உண்மையான கவலை உண்டு. எங்கள் பகுதியில் சிறிய வேலைகளில் சல்லிக்கு மோதல் சோதனை ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு விடுகிறார்கள். சீமெந்துச் சாந்தில் சிறு சட்டம் வார்த்து 80 பாகைச் சோடியம் ஐதரொட்சைட்டில் 14 நாள் வைத்து அளக்கும் சோதனை இருக்கிறது. நீளம் 0.10 வீதத்துக்குள் நீண்டால் பயமில்லை, 0.20ஐத் தாண்டினால் அந்தக் கல் வேண்டாம். பாலம், தண்ணீர்த் தாங்கி போன்றவற்றுக்காவது இதைக் கட்டாயமாக்க வேண்டும். இது சுண்ணாம்புக்கல்லுக்கு மட்டும் உரிய வியாதியும் இல்லை. ஆழத்தில் நசுங்கிய குவாட்சு உள்ள கருங்கல்லும் மெதுவாக இப்படி வீங்கக் கூடும். நுரைச்சோலை அனல்மின் நிலையத்துச் சாம்பல் கலந்த சீமெந்து இதற்கு நல்ல மருந்து. கிங்ஸ்ரன் வகைக்கு அந்த மருந்து வேலை செய்யாது. அங்கே கல்லை மாற்றுவது ஒன்றே வழி.

டொலமைட்டு என்றதும் இங்கே பலருக்கும் தென்னைக்குப் போடும் உரம்தான் ஞாபகம் வரும். அதே டொலமைட்டுதான். சுண்ணாம்புக்கல்லில் கல்சியத்தின் ஒரு பகுதியை மக்னீசியம் பிடித்துக்கொண்டால் டொலமைட்டு. கடினத்தன்மை 3.5இலிருந்து 4, அடர்த்தியும் கொஞ்சம் கூடுதல். களி இல்லாத டொலமைட்டு நல்ல சல்லி.

இலங்கையில் மாத்தளை, கண்டி, பதுளைப் பக்கங்களில் இருப்பது படிவுக் கல் இல்லை. சுண்ணாம்புக்கல் ஆழத்தில் வெந்து சலவைக்கல்லானது. செங்கலடியிலிருந்து மேற்கே பதுளை வீதியில் போனால் மகாஓயா வரும். எங்கள் விஜயன் தொகுதியும் மலைநாட்டுத் தொகுதியும் சந்திக்கும் எல்லை அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. மகாஓயாவில் சுடுநீர் ஊற்றுகளும் உண்டு. மழைநீர் வெடிப்பு வழியே ஆழத்துக்குப் போய்ச் சூடேறி மேலே வருகிறது. சம்மாந்துறையைச் சேர்ந்த டிப்பர்காரர் ஒருவர் எங்கள் லாபுக்கு அடிக்கடி வருவார், நானா என்றுதான் கூப்பிடுவேன். ஒருநாள் மலைநாட்டுப் பக்கமிருந்து பளபளவென்று வெள்ளைக்கல் கொஞ்சம் கொண்டு வந்தார். "தங்கச்சி, இதப் பாருங்க, கண்ணாடி மாதிரி மின்னுது. கருங்கல்ல விட இது நல்லம்தானே?"

அதை லொஸ் ஏஞ்சலிஸ் இயந்திரத்தில் போட்டேன். இரும்பு உருளைக்குள் கல்லையும் இரும்புக் குண்டுகளையும் போட்டு 500 சுற்று சுற்றும் சோதனை அது. திறந்தபோது பாதிக்கு மேல் சீனி கொட்டின மாதிரி உதிர்ந்திருந்தது. நானாவுக்கு நம்ப முடியவில்லை. மின்னியதுதான் காரணம் என்று சொன்னேன். வெந்த கல்லில் கல்சைட்டு மணிகள் பெரிதாக வளர்ந்துவிடும். ஒவ்வொரு மணிக்கும் மூன்று திசையில் சுலபமாகப் பிளக்கும் தளம் உண்டு, வெளிச்சத்தில் மின்னுவது அந்தத் தளம்தான். மணி பெருத்தால் கல் அந்தத் தளங்களின் வழியே உடைந்துகொண்டே போகும். அதில் மஞ்சள் கலந்த பழுப்பு நிற மைக்காத் தகடுகளும் இருந்தன, அவை வழுக்கிப் பிரியும். மணி சிறுத்து, மைக்கா இல்லாத சலவைக்கல் இதைவிட எவ்வளவோ மேல். இரண்டுக்கும் பெயர் சலவைக்கல்தான்.

சூடான நீர் பாறைக்குள் ஓடினால் இன்னும் பல நடக்கும். மக்னீசியம் உள்ள கல் தல்க்கு, சேர்ப்பென்டின் போன்ற வழுவழுப்பான கனிமமாக மாறலாம். தடவினால் சவர்க்காரம் தடவின மாதிரி இருந்தால் அந்தக் கல்லில் சீமெந்தும் பிடிக்காது, தாரும் பிடிக்காது. சூடான நீர் உலோகமும் கொண்டு வரும். திருகோணமலை மாவட்டத்தில் சேருவிலவில் 1971இல் செம்பும் இரும்புத்தாதும் கண்டார்கள். விஜயன் தொகுதியும் மலைநாட்டுத் தொகுதியும் சந்திக்கும் அதே எல்லைக்கோட்டின் மேல் இருக்கிறது அந்த இடம். இப்படியான இடங்களில் கல்லில் பொன்னிறப் பொட்டுகள் தெரிந்தால் அது பைரைட்டு. காற்றும் ஈரமும் பட்டால் துருவாகி, கந்தக அமிலம் விட்டு, சீமெந்தைத் தின்னும். சுவரில் பழுப்புக் கறை வழியும்போதுதான் பலருக்குத் தெரிய வரும்.

இவ்வளவும் சுண்ணாம்புக்கல்லைப் பற்றிச் சொன்னாலும், எங்கள் கருங்கல்லுக்கும் இதே நியாயம்தான். அதிலுள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் உக்கினால் வெள்ளைக் களி. கறுப்பு மைக்கா உக்கினால் பழுப்பாகி ஊதிப் பிரியும். எந்தக் குவாரியிலும் மேல் பெஞ்சிலிருந்து (படியாக வெட்டிய தட்டு) வரும் கல்லும் அடியிலிருந்து வரும் கல்லும் ஒன்றில்லை. வெட்டுமுகத்தைப் பார்த்தால் மேலே மண், அதன் கீழே கையால் உதிர்க்கக்கூடிய உக்கல், அதன் கீழே வெடிப்போரம் மட்டும் துருவேறிய கல், பிறகுதான் நீலம் பாய்ந்த நல்ல கல். மழைக்காலத்தில் கிடங்கு அடியில் தண்ணீர் நிற்கும்போது மேல் பெஞ்சை உடைக்கிறார்கள். அப்போது வரும் லோடுகளை நான் கூடுதலாகப் பார்ப்பேன். சுத்தியலால் தட்டினால் நல்ல கல் கணீர் என்று சொல்லும், உக்கின கல் பொத்தென்று அடங்கிவிடும். நல்ல கல்லைத் தண்ணீரில் நனைத்து எடுத்தால் வெயிலில் உடனே காயும், உக்கின கல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். 24 மணித்தியாலம் ஊறவைத்து நிறுத்துப் பார்த்தால் நல்ல கருங்கல்லும் இறுகிய சுண்ணாம்புக்கல்லும் ஒரு வீதத்துக்கு உள்ளேதான் தண்ணீர் குடிக்கும். இதில் இரண்டு மூன்று என்று ஏறத் தொடங்கினால் எந்தக் கல் என்றாலும் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

தார் வீதிக்கு வந்தால் சுண்ணாம்புக்கல் எங்கள் கல்லை வெல்லும் இடமும் உண்டு, தோற்கும் இடமும் உண்டு. தோற்பது மேல்தோலில். டயர் தேய்க்கத் தேய்க்கச் சுண்ணாம்புக்கல் மெருகேறி வழுக்கும், மழையில் பிரேக் பிடித்தால் ஆபத்து. அதனால் மேல்தோலுக்குப் போடாமல் கீழே அடித்தளத்துக்குப் போடுவது நல்லது. வெல்வது தார் பிடிப்பில். குவாட்சு கூடின கருங்கல்லுக்குத் தாரைவிடத் தண்ணீர்மேல்தான் ஆசை. நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை எங்கள் வீதிகள் நனைந்தே கிடக்கும், அப்போது கல்லிலிருந்து தார் கழன்று குழி விழும். சுண்ணாம்புக்கல்லில் தார் அப்படிக் கழலாது. அதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து கல் கொண்டு வரத் தேவையில்லை. தார்க் கலவையில் நீறின சுண்ணாம்பு ஒன்று இரண்டு வீதம் சேர்த்தாலே கருங்கல்லில் தார் பிடித்து நிற்கும். செலவு கொஞ்சம்தான். எங்கள் கிழக்கு வீதிகளில் இதைக் கேள்வியே இல்லாமல் வழக்கமாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கடைசியாக, லாபுக்குக் கல் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கும்பத்தின் மேலே கிடக்கும் அழகான கல்லைப் பொறுக்கி அனுப்பாதீர்கள். அதற்கு வரும் முடிவு அந்தப் பைக்கு மட்டும்தான் பொருந்தும். கும்பத்தின் அடி, நடு, மேல் என்று பல இடத்தில் மண்வெட்டியால் அள்ளி, நிலத்தில் கொட்டிக் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பங்கை எடுங்கள். மஞ்சள் ஓடியதையும் மாவு ஒட்டுவதையும் விலக்க வேண்டாம், அவையும் உங்கள் கொங்கிரீட்டுக்குள் போகப் போகிறவைதான். பைக்குள் ஒரு துண்டுக் கடதாசியில் குவாரியின் பெயர், எந்தப் பெஞ்ச், எடுத்த திகதி மூன்றையும் எழுதிப் போடுங்கள். குவாரி புதிய முகத்தை உடைக்கத் தொடங்கினால் பழைய ரிப்போர்ட்டைக் காட்டாமல் புதுப் பை ஒன்று அனுப்புங்கள்.